முதியோர் உதவித்தொகை: விண்ணப்பம் முதல் கையில் பணம் வரும் வரை

வயதானவர்களுக்கு அரசு மாதந்தோறும் பணம் தரும் ஏற்பாடு நம் தமிழ்நாட்டில் 1962-இல் தொடங்கியது. அப்போது மாதம் 20 ரூபாய். 2011-இல் அது 1,000 ரூபாய் ஆனது. 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஊரில் ஓஏபி என்பார்கள், முதியோர் பணம் என்பார்கள். தொகை பெரிதில்லை என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதை வாங்கும் நிலையில் இல்லாதவர்கள். மாத்திரைக்கும் காப்பித் தூளுக்கும் மருமகளிடம் கை நீட்ட வேண்டாம் என்பதற்காகவே இந்தப் பணத்தை எதிர்பார்க்கும் பாட்டிகள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

இ-சேவை மையத்தில் மனுவைப் பதிவது கால் மணி நேர வேலைதான். அதோடு முடிந்தது என்று நினைப்பதால்தான் நிறைய மனுக்கள் விழுந்துவிடுகின்றன. மனு நிற்பதும் விழுவதும் அதற்குப் பிறகு கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) வீட்டுக்கு வந்து (அல்லது வராமலே) எழுதும் விசாரணைக் குறிப்பில் இருக்கிறது. ஆகவே படிவத்தை நிரப்புவது எப்படி என்பதை விட, அந்த விசாரணையில் எது கேட்கப்படும், அதற்கு எதைக் காட்டுவது என்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில், எந்தத் திட்டம்?

எல்லோரும் "முதியோர் பென்ஷன்" என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பல திட்டங்கள் இருக்கின்றன. பொதுவாக 60 வயது தாண்டியவர்களுக்கானது இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம். 1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் தொடர்ச்சி இது. முதலில் 65 வயது கேட்டார்கள், 2011-இல் 60 ஆகக் குறைத்தார்கள். இதில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80 ஆனதும் 500 ரூபாய். மீதியை மாநில அரசு போட்டு முழுத் தொகையாகத் தருகிறது. எனவே 80 வயதானால் பணம் கூடும் என்று யாராவது சொன்னால், கூடுவது மத்திய அரசின் பங்குதான், கைக்கு வரும் தொகை இல்லை.

இதைத் தவிர கணவரை இழந்தவர்களுக்கு, கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கு, 50 வயது கடந்தும் திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு என்று தனித்தனித் திட்டங்கள் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு 2023 ஜனவரியிலிருந்து 1,500 ரூபாய். மற்றவர்களுக்கு ஒரே தொகைதான். அதனால் எதில் பணம் அதிகம் என்று பார்க்காமல், எதை நிரூபிப்பது எளிது என்று பாருங்கள். 57 வயதில் கணவரை இழந்த பெண் 60 ஆகட்டும் என்று மூன்று வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. கணவரின் இறப்புச் சான்றிதழ் கையில் இருந்தால் இப்போதே விதவை ஓய்வூதியத்துக்கு மனு போடலாம். ஆதாரில் வயது குறைவாகப் பதிவாகி, அதைத் திருத்த முடியாமல் தவிப்பவர்களுக்கும் சில சமயம் இதுதான் வழி.

ஒருவர் ஒரு திட்டத்தில் மட்டுமே வாங்க முடியும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் போன்ற அமைப்புசாராத் தொழிலாளர் வாரியத்தில் பதிவு செய்து, அங்கே ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தால் இங்கே கிடைக்காது. அதே போல இந்த உதவித்தொகை வாங்கும் அம்மாவே மகளிர் உரிமைத்தொகையையும் வாங்க முடியாது. அம்மா முதியோர் பணம் வாங்குவதால் அதே வீட்டிலுள்ள மருமகளுக்கு உரிமைத்தொகை போய்விடுமா என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அந்தத் தடையை 2023-லேயே தளர்த்திவிட்டார்கள். மருமகளுக்குத் தகுதி இருந்தால் அவர் தனியாக வாங்கலாம்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தவர், இடுப்பு எலும்பு முறிந்து எழ முடியாதவர், பார்க்கின்சன் நோயில் கை கால் நடுங்குபவர் ஆகியோர் வீட்டில் இருந்தால், முதியோர் ஓய்வூதியத்துக்கு ஓடும் முன் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். 75 சதவீதமும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அதற்குக் கேட்கலாம். பார்க்கின்சன், முதுகுத்தண்டுவடக் காயம் போன்றவற்றுக்கும் அந்தத் துறையில் பராமரிப்புத் தொகை உண்டு. எப்போதும் கூடவே ஒருவர் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருப்பவருக்கு, கவனித்துக்கொள்பவருக்கென மாதம் 1,000 ரூபாய் தரும் ஏற்பாட்டையும் அதே அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வயதானால் வருவதுதானே, இதை ஊனம் என்று எப்படிக் கேட்பது என்று தயங்குவார்கள். தயங்கவே வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைப் பாதிப்புகளைப் பட்டியலிடுகிறது. பார்க்கின்சன் அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. பக்கவாதத்தில் கை கால் விளங்காமல் போவது இயக்கக் குறைபாட்டில் சேரும். பாதிப்பு 25 வயதில் வந்ததா 75 வயதில் வந்ததா என்று சட்டம் கேட்பதில்லை.

இதற்குத் தேவை மருத்துவக் குழுவின் சான்றிதழும், யுடிஐடி எனப்படும் தேசிய அடையாள அட்டையும். அரசுத் தலைமை மருத்துவமனையில் எந்தக் கிழமை முகாம் நடக்கிறது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ஆட்சியர் அலுவலக வளாகத்தில்தான் இருக்கும். பக்கவாதம் வந்த அடுத்த மாதமே போனால் சான்றிதழ் தர மாட்டார்கள். சிகிச்சைக்குப் பிறகு எவ்வளவு மீளும் என்று பார்த்து, நிலைமை ஓரிடத்தில் நின்ற பிறகுதான் சதவீதம் போடுவார்கள். அதுவரை டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். 75-க்குக் கொஞ்சம் கீழே சதவீதம் வந்தாலும் பாதகமில்லை. 40 சதவீதத்திலிருந்தே வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு மனு போடலாம். அதிலும் முதியோர் ஓய்வூதியத்தை விட 300 ரூபாய் கூடுதல்.

பணத்தோடு சம்பந்தமில்லை என்றாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள், இயன்முறை சிகிச்சை, நோய்த்தணிப்புப் பராமரிப்பு எல்லாம் வீடு தேடி வருகின்றன. இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டால் மாதம் சில நூறு ரூபாய் மிச்சமாகும்.

தகுதி

60 வயது நிறைந்திருக்க வேண்டும். குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். நிலையான சொத்தின் மதிப்பு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. முன்பு 50,000 ரூபாயாக இருந்ததை உயர்த்தினார்கள். பழைய கணக்கைச் சொல்லி யாராவது திருப்பி அனுப்பினால் புது வரம்பை நினைவூட்டுங்கள்.

அடுத்தது, ஆதரவு. "உனக்குத்தான் பிள்ளை இருக்கானே" என்ற ஒரு வரியில் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பிவிடுகிறார்கள். பிள்ளை இருப்பது வேறு, பிள்ளை சோறு போடுவது வேறு. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்ட மகன் பொங்கலுக்கு ஒரு சேலையோடு வந்து போனால் அது ஆதரவு ஆகாது. ஆனால் மகன் அரசு வேலையில் இருந்து, அதே வீட்டில் அம்மாவும் இருந்தால் மனு நிற்பது கடினம். நிற்கவும் கூடாது என்பேன், ஏனென்றால் பட்டியலில் இடம் அளவோடுதான் இருக்கிறது.

ஆவணங்கள்

ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், கைபேசி எண். கணவரை இழந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழ், மாற்றுத்திறனாளி என்றால் அடையாள அட்டை. பட்டியல் அவ்வளவுதான். சிக்கல் இவற்றுக்குள் இருக்கும் வேறுபாடுகளில் வருகிறது.

ஆதாரில் "முத்துலெட்சுமி", குடும்ப அட்டையில் "முத்துலட்சுமி", பாஸ்புக்கில் இனிஷியல் மாறி இருக்கும். எழுத்து வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் விடும் அலுவலரும் உண்டு, அதையே காரணமாக எழுதும் அலுவலரும் உண்டு. மனு போடும் முன் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வங்கியில் பெயர் திருத்துவது எளிது, குடும்ப அட்டையில் திருத்துவதும் எளிது. ஆதார்தான் கஷ்டம். அதனால் ஆதாரில் உள்ளபடி மற்ற இரண்டையும் மாற்றிக்கொள்வது நல்லது.

வயதுதான் பெரிய தலைவலி. அந்தத் தலைமுறையில் பிறப்பைப் பதிந்தவர்கள் குறைவு. முதன்முதலில் ஆதார் எடுத்தபோது கணினியில் உட்கார்ந்திருந்தவர் முகத்தைப் பார்த்து ஒரு வருடத்தைப் போட்டிருப்பார், தேதி ஜனவரி 1 என்று இருக்கும். 68 வயதுப் பாட்டிக்கு ஆதாரில் 56 என்று இருப்பதெல்லாம் சாதாரணம். இதற்கு, இந்த ஓய்வூதியத்துக்கான மத்திய அரசின் தேசிய சமூக உதவித் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகளிலேயே ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ இல்லாவிட்டால் குடும்ப அட்டையையும் வாக்காளர் அட்டையையும் கருத்தில் கொள்ளலாம், எதுவுமே இல்லாவிட்டால் அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று பெறலாம். இணையதளம் ஆதாரின் பிறந்த தேதியை எடுத்துக்கொண்டு மனுவை ஏற்க மறுத்தால், இந்த ஆவணங்களோடு தாலுகா அலுவலகத்தில் நேரில் மனுக் கொடுங்கள். ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த முயன்றால் அதற்கு ஒரு முறைதான் வாய்ப்பு. அரைகுறை ஆவணத்தோடு போய் அந்த வாய்ப்பை வீணாக்க வேண்டாம்.

குடும்ப அட்டை பற்றியும் ஒரு வார்த்தை. விசாரணையின் போது முதலில் பார்க்கப்படுவது அதுதான். பாட்டியின் பெயர் மகன் அட்டையில் இருந்தால், அவர் மகன் வீட்டில் மகன் வருமானத்தில் வாழ்கிறார் என்றுதான் காகிதம் பேசும். உண்மையில் அவர் தனியாக ஓலைக் குடிசையிலோ தொகுப்பு வீட்டிலோ தனி அடுப்பு வைத்து வாழ்கிறார் என்றால், முதலில் பெயரை நீக்கித் தனி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பணத்துக்காக மட்டும் காகிதத்தில் பிரிந்து, அதே அடுப்பில் சாப்பிடுகிறவர்களும் உண்டு. தனி அட்டைக்கும் நேரில் விசாரணை உண்டு என்பதால் அது ரொம்ப நாள் ஓடாது.

வங்கிக் கணக்கு

மகனோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு வேண்டாம். முதியவரின் தனிப் பெயரில், இருப்புத்தொகை தேவைப்படாத ஜன் தன் வகைக் கணக்கு போதும். ஆதாரை வங்கியில் கொடுத்தால் மட்டும் போதாது, அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று இணைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால், ஆதாரை வைத்து அனுப்பும் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குப் போய்விடும். "எனக்குப் பணமே வரல" என்பவர்களில் சிலருக்குப் பணம் எப்போதோ மறந்துபோன இன்னொரு பாஸ்புக்கில் சேர்ந்துகொண்டிருக்கும்.

மனு போடுவது

இ-சேவை மையம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் இயங்கும் மையம், அல்லது வீட்டிலிருந்தே இ-சேவை இணையதளத்தில் பொதுமக்களுக்கான பகுதி என எதில் வேண்டுமானாலும் போடலாம். முதலில் கேன் எண் எனப்படும் குடிமக்கள் கணக்கு எண் ஒன்று உருவாக்குவார்கள். ஏற்கெனவே சாதிச் சான்றோ வருமானச் சான்றோ எடுத்திருந்தால் அது இருக்கும். அதற்கும் மனுவுக்கும் கைபேசிக்கு ஓடிபி வரும். அதனால் மையத்துக்காரரின் எண்ணையோ பக்கத்து வீட்டுப் பையனின் எண்ணையோ கொடுக்காதீர்கள். நாளைக்கு மனு நிராகரிக்கப்பட்டாலும் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் போகும். வீட்டில் நிலையாக இருக்கும் ஒருவரின் எண்ணாக இருக்கட்டும்.

ஓய்வூதிய மனுவுக்கான சேவைக் கட்டணம் 10 ரூபாய். வருவாய்ச் சான்றிதழ்களுக்கு வாங்கும் 60 ரூபாயை இதற்கும் கேட்கும் மையங்கள் இருக்கின்றன. "எல்லாம் சேர்த்து 500 கொடுங்க, நானே முடிச்சுத் தர்றேன்" என்பவரால் மனுவைப் பதிவதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். அதில் இருக்கும் மனு எண்தான் இனி எல்லாவற்றுக்கும் பிடி.

படுக்கையில் இருப்பவரை ஆட்டோவில் போட்டு மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. புகைப்படம், ஆவணங்கள், ஓடிபி வரும் கைபேசி ஆகியவற்றோடு வீட்டில் ஒருவர் போனால் போதும். ஆதாரில் திருத்தம் தேவைப்பட்டு அவரால் நகரவே முடியாது என்றால், வீட்டுக்கு வந்து பதிவு செய்யும் வசதியை ஆதார் ஆணையத்திடம் கோரலாம்.

விசாரணை

மனு முதலில் விஏஓவிடம் போகும். அவர் குறிப்பெழுதி வருவாய் ஆய்வாளருக்கு அனுப்புவார். அங்கிருந்து தாலுகா அலுவலகத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு. ஆணை போடுவது அவர்தான். வழக்கமான வட்டாட்சியர் அறை வேறு, இவர் அறை வேறு. தவறான வரிசையில் அரை நாள் நின்றுவிட்டுத் திரும்புபவர்களைத் தாலுகா அலுவலகத்தில் தினமும் பார்க்கலாம்.

மனு போட்ட சில நாளில் விஏஓவைப் போய்ப் பாருங்கள். ஒரு விஏஓவிடம் சில சமயம் இரண்டு மூன்று கிராமங்கள் இருக்கும். கணினியில் வரிசையாக நிற்கும் மனுக்களில் உங்களுடையது ஒரு எண். ஒப்புகைச் சீட்டின் நகலையும் ஆவண நகல்களையும் கையில் கொடுத்து, "ஐயா, அம்மா தனியா இருக்காங்க, வீட்டுக்கு வந்து பாருங்க" என்று சொல்வது சிபாரிசு ஆகாது. கிராம உதவியாளரிடமும் சொல்லி வையுங்கள். வீடு எங்கே, யார் யார் இருக்கிறார்கள் என்று விஏஓ பெரும்பாலும் கேட்பது அவரிடம்தான்.

அவர்கள் கேட்பது இவ்வளவுதான்: யாரோடு இருக்கிறீர்கள், பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வேலை, யார் சோறு போடுகிறார்கள், நிலம் இருக்கிறதா, வேறு பென்ஷன் வருகிறதா. வயதானவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். வாசலில் நாலு பேர் நிற்கும்போது "என் மகன் என்னைக் கவனிக்கல" என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். "நல்லா பாத்துக்கிறான் சாமி" என்று சொல்லிவிடுவாள். விஏஓ அதையே எழுதிக்கொண்டு போவார். அதை மானம் என்பதா பாசம் என்பதா தெரியவில்லை, ஆனால் மனு அத்தோடு முடிந்தது. இதை முன்கூட்டியே வீட்டில் பேசி வையுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. மகனைக் குறை சொல்ல வேண்டியதும் இல்லை. "மகன் வெளியூரில் இருக்கான், அவனுக்கே கஷ்டம், எனக்குப் பணம் எதுவும் அனுப்புறதில்லை" என்ற உண்மையைச் சொன்னால் போதும். அதையே ஒரு தாளில் எழுதி, கைநாட்டு வைத்து ஆவணங்களோடு கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. பிள்ளைகளின் பெயர், இருக்கும் ஊர், செய்யும் வேலை, பெரியவருக்கு நூறு நாள் வேலைக்கு இனிப் போக முடியாது என்ற விவரம், தொடர்ந்து சாப்பிடும் மருந்து எல்லாம் அதில் இருக்கட்டும். விஏஓ வீட்டுக்கு வரவே இல்லை என்றாலும் குறிப்பெழுத அவருக்கு ஒரு ஆதாரம் இருக்கும்.

நிலம் பற்றிய கேள்விக்கும் தயாராக இருங்கள். பட்டா இன்னும் இறந்துபோன கணவர் பெயரில் இருக்கும், நிலத்தைப் பங்காளிகள் எப்போதோ பிரித்து அனுபவித்துக்கொண்டிருப்பார்கள். கணினிச் சிட்டாவில் ஒரு ஏக்கர் தெரிந்தால் சொத்து வரம்பு தாண்டிவிடும். பட்டா மாறுதலை முடித்துவிட்டு மனுப் போடுவது உத்தமம். முடியாவிட்டால் அந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைத் தாளில் தெளிவாக எழுதுங்கள்.

காத்திருப்பும் நிராகரிப்பும்

தகுதி இருந்தும் ஆணை வராமல் மாதக்கணக்கில் இழுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மத்திய அரசு தன் பங்கை எத்தனை பேருக்குத் தருவது என்று மாநிலத்துக்கு ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறது, மாநில அரசின் ஒதுக்கீட்டுக்கும் அளவு உண்டு. பட்டியலில் இருப்பவர் இறந்தோ தகுதி இழந்தோ இடம் காலியாகும்போது புதியவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் மாதங்களில் புதிய ஆணைகள் நின்றுபோகும். நிலுவையில் இருக்கிறது என்று இணையத்தில் தெரிந்தால் அவசரப்பட்டு இன்னொரு மனு போடாதீர்கள். பழைய மனுவின் எண்ணைக் காட்டித் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் வரிசை நிலையைக் கேளுங்கள்.

நிராகரித்தால் காரணத்தைப் பாருங்கள். பெயர் வேறுபாடு, புகைப்படம் தெளிவில்லை போன்றவை என்றால் திருத்திக்கொண்டு புதிதாகவே போடலாம், சண்டை தேவையில்லை. "தகுதியில்லை", "ஆதரவு உள்ளது" என்று மொட்டையாக எழுதியிருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். மனு எண், நிராகரித்த தேதி, விசாரணைக் குறிப்பில் எது தவறு, அதற்கு என்ன ஆதாரம் என ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். விசாரணைக் குறிப்பில் என்ன எழுதினார்கள் என்றே தெரியவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதன் நகலைக் கேட்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர் அதற்கான சான்றை வைத்தால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். 30 நாளில் பதில் வர வேண்டும். நகல் வருகிறதோ இல்லையோ, கேட்ட பிறகு கோப்பை ஒருவர் மறுபடி எடுத்துப் பார்ப்பார்.

திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம், முதல்வரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைத்தும் பதியலாம். மனு கடைசியில் அதே தனி வட்டாட்சியர் மேசைக்குத்தான் திரும்பி வரும். ஆனால் இந்த முறை பதில் சொல்ல வேண்டிய மனுவாக வரும். 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் ஓய்வூதியம், சட்ட உதவி இரண்டுக்கும் வழி சொல்வார்கள்.

மகன் வசதியாக இருக்கிறான் என்ற காரணத்தால் உதவித்தொகை மறுக்கப்பட்டு, அவன் கவனிக்கவும் இல்லை என்றால், இன்னொரு கதவு இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வெள்ளைத்தாளில் மனுக் கொடுக்கலாம். வக்கீல் வேண்டாம். மாதம் 10,000 ரூபாய் வரை தரும்படி பிள்ளைகளுக்கு உத்தரவிட அந்தத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்த வீட்டை, பார்த்துக்கொள்ளவில்லை என்று நிரூபித்தால் ரத்து செய்யவும் முடியும். உங்கள் மேல்முறையீட்டைப் பார்ப்பவரும் இந்தத் தீர்ப்பாயத்தில் உட்காருபவரும் ஒரே கோட்டாட்சியர் என்பதைக் கவனியுங்கள். பிள்ளை ஆதரவாக இருக்கிறான் என்று ஒரு கோப்பில் சொல்லிவிட்டு, ஆதரவில்லை என்ற இன்னொரு கோப்பை அவரால் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது.

பணம் வரத் தொடங்கியதும்

ஆணையின் நகலைப் பத்திரமாக வையுங்கள். பணத்தோடு வேறு சிலவும் உண்டு. அங்கன்வாடியில் மதிய உணவு சாப்பிடும் ஓய்வூதியர்களுக்கு மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாதவர்களுக்கு 4 கிலோ, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி அல்லது சேலை. கேட்காவிட்டால் இவை தானாகக் கைக்கு வராது.

கிராமங்களில் வங்கி முகவர் கையடக்கக் கருவியோடு வந்து, விரல் ரேகை வாங்கிப் பணம் கொடுப்பார். அதற்கு நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை, அவருக்கான கமிஷனை வங்கி தருகிறது. "டீ செலவுக்கு" என்று 50 ரூபாய் பிடித்துக்கொள்வது பல ஊர்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. கொடுக்க மறுத்தால் அடுத்த மாதம் "ரேகை விழவில்லை" என்பார் என்ற பயம் பெரியவர்களுக்கு. வங்கிக் கிளை மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.

ரேகை உண்மையிலேயே விழாமல் போவதும் உண்டு. வாழ்நாளெல்லாம் நாற்று நட்ட கையில் ரேகை தேய்ந்திருக்கும். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துப் பாருங்கள். அப்படியும் முடியாவிட்டால் வங்கிக்கு நேரில் போய்ப் பணம் எடுக்கும் படிவத்தில் கைநாட்டு வைத்து வாங்கலாம். ரேகை இல்லை என்பதற்காகப் பணத்தை மறுக்க முடியாது. படுக்கையில் இருப்பவருக்கு ரிசர்வ் வங்கியின் விதி தெளிவாக இருக்கிறது. கைவிரல் ரேகையோ, அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகையோ வைத்து, இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டினால் போதும். சாட்சிகளில் ஒருவர் வங்கி ஊழியராக இருக்க வேண்டும். 70 வயது கடந்தவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து பணம் தர ஏற்பாடு செய்யுமாறு 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொல்லியிருக்கிறது. கிளையில் தெரியாது என்றால் இந்தச் சுற்றறிக்கையைச் சொல்லிக் கேளுங்கள்.

திடீரென்று பணம் நின்றால் பதறாமல் முதலில் பாஸ்புக்கில் வரவு பதிந்து பாருங்கள், அப்புறம் தனி வட்டாட்சியர் அலுவலகம். அவ்வப்போது நடக்கும் கள ஆய்வின்போது வீடு பூட்டியிருந்தால், ஆள் இல்லை என்று எழுதிப் பெயரை நிறுத்திவிடுவது உண்டு. இரண்டு மூன்று மாதம் மகள் வீட்டில் தங்கப் போவதென்றால் விஏஓவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும். நிரந்தரமாகவே வேறு தாலுகாவுக்குக் குடிபெயர்ந்தால் ஆதார், குடும்ப அட்டை முகவரியை மாற்றி, பழைய தாலுகாவில் மாறுதல் மனு கொடுத்து, கோப்பு புது ஊருக்கு வந்துவிட்டதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

"அரியர் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க" என்று வரும் போன் அழைப்புக்குப் பதிலே சொல்ல வேண்டாம். ஓய்வூதியத்துக்காக எந்த அலுவலகமும் போனில் ஓடிபி கேட்பதில்லை.

பெரியவர் காலமாகிவிட்டால் விஏஓவிடமும் வங்கியிலும் தெரிவித்துவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் மாதங்களின் பணத்தை எடுத்துவிட்டால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அவர் மனைவி இருந்தால், இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அவர் பெயரில் புதிய மனுவை உடனே போட்டுவிடலாம். கணவரின் ஆணை மனைவிக்குத் தானாக மாறாது.